ரமோலாவின் பொட்டு

முகமே தெரியாத வானொலியில் உட்கார்ந்துகொண்டு முகப்பூச்சைப் பற்றிப் பேசுவது வேடிக்கைதான். ஆனால் நான் சொல்லப்போகும் முகங்களை நீங்கள் ஏற்கெனவே ஆயிரம் முறை பார்த்தவர்கள். கண்ணை மூடினால் வந்து நிற்கும்.

அரிதாரம் என்று சொல்கிறோமே, அது உண்மையில் ஒரு கனிமத்தின் பெயர். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல். அதை அரைத்துக் குழைத்து முகத்தில் பூசிப் பூசி, கடைசியில் வேஷப் பூச்சு எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. கதகளியில் பச்சை முகத்தோடு வந்தால் உத்தமன். மூக்கு நுனியில் வெள்ளை உருண்டை வைத்துக் கத்தி வேஷத்தில் வந்தால் ராவணன் போன்ற ஆள். வீரமும் உண்டு, அகங்காரமும் உண்டு. விளக்கு வெளிச்சத்தில் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆள் யாரென்று தெரிய வேண்டும், அதற்குத்தான் அந்த ஏற்பாடு.

தொலைக்காட்சியில் தூரம் கிடையாது. அங்கே பஞ்சம் கவனத்துக்குத்தான். சீரியல் பார்ப்பவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொண்டிருப்பார். நிமிர்ந்து பார்க்கும் இரண்டு நொடியில் வந்திருப்பது நல்லவளா, குடியைக் கெடுக்க வந்தவளா என்று புரிந்துவிட வேண்டும். அந்த இரண்டு நொடிக்காகத்தான் மேக்கப் மேன் காலையிலிருந்து மெனக்கெடுகிறார்.

2001-இல் ஸ்டார் பிளஸில் தொடங்கிய 'கஹீ கிஸி ரோஸ்' தொடரில் சுதா சந்திரன் ரமோலா சிகந்த் என்ற மாமியாராக வந்தார். அந்த நெற்றியை யாராவது மறந்திருப்பார்களா? புருவ மத்தியிலிருந்து மேலே ஏறிப் போகும் பெரிய அலங்காரப் பொட்டு. வெறும் பகட்டுக்கு வைத்ததாக அதை என்னால் நினைக்க முடியவில்லை. குளோஸ்-அப்பில் முகம் திரையை அடைத்து நிற்கும்போது நம் கண் முதலில் போவது நெற்றிக்குத்தான். அங்கே ஒரு பெண் தன் செல்வத்தையும் திமிரையும் ஆட்டிப்படைக்கும் ஆசையையும் வரைந்து வைத்துக்கொண்டு வருகிறாள். கீழே, பரதநாட்டிய மேடையில் தேர்ந்த கண்கள். வசனம் அப்புறம்தான். அதே ஆண்டு தொடங்கிய 'கசௌட்டி ஜிந்தகி கே' தொடரின் வில்லி கோமோலிகாவும் இதே பள்ளிக்கூடம்தான். பிறகு நம் விஜய் டிவியில் 'தெய்வம் தந்த வீடு' தொடருக்கு சுதா சந்திரன் வந்தபோது, அந்த நெற்றியின் நினைவும் கூடவே வந்தது.

வில்லிக்கு மேக்கப் போடுவது சுலபம் என்பேன். கை தாராளமாக ஓடலாம். நாயகிக்குப் போடுவதில்தான் கஷ்டம். 2003-இல் தொடங்கிய 'கோலங்கள்' தொடரின் நாயகி அபியை நினைத்துப் பாருங்கள். அபியாக நடித்த தேவயானியின் அந்த அடக்கமான முகம்தான் குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கும் பெண் என்று நம்மை நம்ப வைத்தது. மேக்கப்பே போடவில்லை என்று தோன்றும்படி மேக்கப் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. விளக்குச் சூட்டில் வியர்வை வழியும். டச்சப் செய்பவர் பஃப்பும் கண்ணாடியுமாக ஓடிவந்து ஒற்றி எடுப்பார். நேற்று எடுத்த காட்சியின் தொடர்ச்சியை இன்று எடுக்கும்போது பொட்டு ஒரு நூல் நகர்ந்திருந்தாலும் கண்டினியூட்டி போச்சு.

இவ்வளவு தெரிந்தவர்கள் சில இடங்களில் கண்ணை மூடிக்கொள்வதுதான் எனக்குப் புரிவதில்லை. ஐ.சி.யூ.வில் மூச்சுக்குழாயோடு படுத்திருப்பவளுக்கு உதட்டுச் சாயம் எதற்கு? நிறம் குறைந்த பெண்ணின் கதை என்பார்கள். வெளுத்த நடிகையைத் தேடிப் பிடித்துக் கறுப்பு பூசுவார்கள். அவள் காபி நீட்டும்போது பார்த்தால் முகம் ஒரு நிறம், மணிக்கட்டு ஒரு நிறம். அந்த நிறத்துப் பெண்கள் ஊரில் இல்லாமலா போய்விட்டார்கள்? இது கதையையே பொய்யாக்கும் மேக்கப்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த முகங்களை எழுதியவர்கள் வெகுகாலம் ஆண்கள்தான். திரைத்துறைச் சங்கங்கள் பெண்களைத் தலையலங்காரத்துக்கு மட்டும் சேர்த்துக்கொண்டு, மேக்கப் கலைஞர் அட்டை தர மறுத்துவந்தன. மேக்கப் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. ஒரு பெண் காலையில் அவசரமாகக் கிளம்பும்போது முகத்துக்கு என்ன செய்துகொள்வாள், எதை விட்டுவிடுவாள் என்பது தெரிந்த கைகள் இனிமேலாவது அந்த நாற்காலிக்கு அருகே நிற்கட்டும்.

ஏனென்றால் நம் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் எப்போதும் நாலைந்து ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பசை போனது ஒன்று, நிறம் மங்கியது ஒன்று. குளித்துவிட்டு வந்து அதில் ஒன்றைப் பிய்த்து நெற்றியில் அழுத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும் நாயகியை, இத்தனை வருடத்தில் ஒரு சீரியலில்கூட நான் பார்த்ததில்லை.