உயர்திணையாக்கும் வினைச்சொல்



ஆங்கிலத்தில் ‘ஹியூமனைஸ்’ என்றொரு வினைச்சொல் உண்டு. அகராதிகள் அதற்கு இருபொருள் கூறும். மனிதரல்லாத ஒன்றின்மேல் மனித உருவையோ பண்பையோ ஏற்றுதல் ஒன்று. கடுமையை நீக்கி மனிதத்தன்மை உடையதாக்குதல் மற்றொன்று. முன்னது கவிஞரின் தொழில். பின்னது சமுதாயத்தின் கடமை. இவ்விரண்டும் ஒரு சொல்லில் இணைந்தது எவ்வாறு?

17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஆங்கிலத்தில் வழங்கும் இச்சொல்லின் மூலம் ‘ஹுமானுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லாகும். மனிதனுக்குரியது என்ற பொருளோடு, அன்பும் கல்வியும் கனிந்தது என்ற பொருளும் அதற்கு உண்டு. வேரிலிருந்த இருபொருளே கிளையிலும் தோன்றிற்று. மனிதனைக் குறிக்கும் ‘ஹோமோ’வும் மண்ணைக் குறிக்கும் ‘ஹுமுஸ்’ஸும் ஒருவழிப் பிறந்தவை என்பர் மொழிநூலார். விண்ணுறையும் தெய்வங்களுக்கு எதிராக, மனிதன் மண்ணுக்குரியவன் என்பது கருத்து.

இக்கருத்து நீலகிரிக்கும் புதியதன்று. ரிவர்ஸ் என்னும் அறிஞர் 1906இல் வெளியிட்ட நூலில் தோடர்தம் பிறப்புக்கதை ஒன்று உள்ளது. ‘ஓன்’ என்னும் தெய்வம் மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை வெளிக்கொணர்ந்தபோது, கடைசி எருமையின் வாலைப் பற்றியவாறு முதல் தோடன் வெளிப்பட்டான் என்பது அக்கதை. இலத்தீன் மொழியின் வேர்ச்சொல்லும் மலைமக்களின் பழங்கதையும் ஒன்றையே கூறுதல் வியப்பன்றோ!

ஜெகதளாவில் வாழும் படக மக்கள் தெய்வத்தை ‘ஹெத்தெ’ என்பர். அச்சொல்லுக்குப் பாட்டி என்பது பொருள். குலத்தின் மூதாட்டியே தெய்வமாயினாள். தெய்வமான பின்னும் உறவுமுறை மாறவில்லை. அச்சந்தரும் பேராற்றலைப் பாட்டி என்றழைத்து அருகில் இருத்திக்கொள்வதும் மனிதமாக்கலே.

தமிழிலக்கணம் இதனைத் திணையில் வைத்து நோக்கிற்று. மக்கள் உயர்திணை, பிற அஃறிணை. எனினும் அவ்வரம்பை உள்ளம் கடக்கும் என்பதை இலக்கணிகள் அறிந்திருந்தனர். கடலும் கானலும் கேட்பன போலவும் சொல்வன போலவும் பேசும் புலனெறியைத் தொல்காப்பியம் ஏற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய நன்னூலோ திணையும் பாலும் மயங்குதற்கு உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என ஐந்து காரணங்களை வகுத்தது. உவப்பு மிக்கவிடத்துப் பசுவைத் தாயென்று கூறிப் பெண்பால் வினையால் முடிக்கலாம். சினமும் இழிப்பும் மிக்கவிடத்து மனிதனையே மாடென்று கூறி அஃறிணையில் முடிக்கலாம். அன்பு ஏற்றுகிறது, வெறுப்பு இறக்குகிறது. ஆங்கிலம் ஒரு வினையையும் அதன் எதிர்மறையையும் கொண்டு கூறுவதை நம் இலக்கணம் ஒரே விதியில் அடக்கியது.

இவ்விதி ஏட்டளவில் நிற்பதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தேயிலை மூட்டைகளைப் பங்கிடுவது போன்ற கணக்கு இது. இதில் சினமுமில்லை, வசையுமில்லை. ஆயினும் மக்கள் எண்களாயினர். நன்னூலார் கூறிய ஐந்துடன் ஆறாவதாக அலட்சியத்தையும் சேர்த்தல் தகும் போலும்!

அவ்வாறு தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அத்தோட்டங்களில் கொழுந்து கொய்த பெண்களைப் பேரேடு ஆள்கணக்காகக் கண்டது. பக்கத்து நிரையில் நின்றவளோ அக்கா என்றாள், மதினி என்றாள். பேரேடு இறக்கியதை உறவுச்சொல் ஏற்றியது.

ஐயறிவோடு நிற்போரை மாக்கள் என்றும் ஆறறிவு உடையோரை மக்கள் என்றும் தொல்காப்பியர் பகுத்தார். எனவே, ‘ஹியூமனைஸ்’ என்பதற்கு மனிதமாக்கல், மாந்தமாக்கல் எனச் சொற்கள் பல படைக்கலாமெனினும், மாக்களை மக்களாக்குதல் என்பதே அதன் நிறைபொருளாகும். மலையையும் கடலையும் உயர்திணையில் பாடிய தமிழ், மனிதரை அஃறிணையில் எண்ணாதிருக்கும் நாளே அச்சொல் முழுமையாகத் தமிழாகும் நாள்.