பழைய அம்பாசிடருக்கு ஒரு கூலன்ட் டப்பா

பழைய கார் வச்சிருக்கிற நிறைய பேர் கேட்கிற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "வண்டியை நிறுத்தினா கீழே பச்சையா தண்ணி சொட்டுது. ரேடியேட்டர்ல ஓட்டையே இல்லன்னு மெக்கானிக் அண்ணன் சொல்றார். அப்போ எங்கேருந்து வருது?"

மெக்கானிக் அண்ணன் சொல்றது அநேகமா சரிதான். அது ஓட்டை இல்ல, வண்டியோட டிசைனே அப்படி.

அம்பாசிடரையே எடுத்துக்குவோம். என்கிட்ட இருக்கிறதும் அதுதான். இங்கிலாந்துல வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 3 காரை வச்சு, மேற்கு வங்காளத்துல உத்தர்பாராவுல தயாரிச்ச வண்டி. 1950கள்ல ஆரம்பிச்சு 2014 வரைக்கும் வந்துச்சு. அந்தக் காலத்து டிசைன்ல தனியா கூலன்ட் டப்பா கிடையாது. ரேடியேட்டர் கழுத்துல ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதுலேருந்து ஒரு ரப்பர் ஹோஸ் கீழே ரோட்டைப் பார்த்துத் தொங்கும். அவ்வளவுதான்.

சூடானா தண்ணி விரியும். 25 டிகிரியிலேருந்து 95 டிகிரிக்குப் போனா கிட்டத்தட்ட மூன்றரை சதவீதம். உங்க வண்டியில 8 லிட்டர் இருக்குன்னு வச்சுக்கோங்க, சுமார் 300 மில்லிக்கு இடம் பத்தாது. கூலன்ட் கலந்தா இன்னும் கொஞ்சம் கூட விரியும். அழுத்தம் ஏறும், மூடிக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் தூக்கும், அந்த 300 மில்லி ஹோஸ் வழியா தெருவுக்குப் போயிடும். இன்ஜின் ஆறினதும் தண்ணி சுருங்கும். காலியான இடத்துல அதே ஹோஸ் வழியா காத்து உள்ளே வரும்.

"அப்போ ரெண்டு இன்ச் குறைச்சே ஊத்திட்டா போச்சு"ன்னு சிலர் சொல்வாங்க. உண்மைதான், ஒழுகாது. ஆனா மேலே எப்பவும் காத்து நிக்கும். காத்துல ஆக்சிஜன் இருக்கு, உள்ளே இருக்கிறது வார்ப்பிரும்பு இன்ஜின். துரு அரிச்சுக்கிட்டே இருக்கும். அந்தத் துருவே போய் ரேடியேட்டரை அடைக்கும்.

ஆனா எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேற. எங்க தெரு நாய்ங்க மத்தியான வெயிலுக்குப் படுக்கிறதே காருக்கு அடியிலதான். கூலன்ட்ல பெரும்பாலும் இருக்கிறது எத்திலீன் கிளைகால். இனிப்பா இருக்கும், அதனால நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்து நாய், பூனை செத்துப்போகும். மனுஷங்களுக்கும் அது விஷம்தான். நம்ம ஆசைக்கு வச்சிருக்கிற வண்டி அந்த ஜீவனுக்கு எமனாகக் கூடாது இல்லையா?

இதுக்கு வழி ஒரு டப்பா. வெளியே வர்ற கூலன்டைப் பிடிச்சு வச்சுக்கும், இன்ஜின் ஆறும்போது திரும்ப ரேடியேட்டர் உறிஞ்சிக்கும். கேட்க சுலபமா இருக்கு. ஆனா டப்பாவை மட்டும் மாட்டினா வேலை செய்யாது, மூடியையும் மாத்தணும். பலர் கோட்டை விடுறது இங்கேதான்.

பழைய மூடியைக் கழட்டிப் பாருங்க. ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். மேல விளிம்புல பெரும்பாலும் ரப்பர் இருக்காது. அப்படி இருந்தா, ஆறும்போது ரேடியேட்டர் அந்த விளிம்பு வழியா காத்தைத்தான் உறிஞ்சும், டப்பாவுல இருக்கிற கூலன்டைத் தொடவே தொடாது. அதனால மேலயும் கீழயும் ரெண்டு இடத்துலயும் ரப்பர் இருக்கிற மூடி வேணும். நடுவுல சின்னதா இன்னொரு வால்வும் இருக்கும். உறிஞ்சும்போது திறக்கிறது அதுதான்.

மூடி வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, கழுத்தோட ஆழம். பிரிட்டிஷ் டிசைன் வண்டிகள்ல இது வேற வேற அளவுல இருக்கும். பழைய மூடியைக் கையோட கொண்டு போங்க. இன்னொண்ணு, அழுத்தம். பழைய மூடியில என்ன எண் போட்டிருக்கோ அதையே வாங்குங்க. 7 பிஎஸ்ஐ மூடி போட்டா தண்ணி சுமார் 111 டிகிரியிலதான் கொதிக்கும். அப்போ 15 போட்டா இன்னும் நல்லதுதானேன்னு தோணும். வேண்டாம். ஈயம் வச்சுப் பத்த வச்ச பழைய பித்தளை ரேடியேட்டர் அதைத் தாங்காது.

அடுத்தது டப்பா. புதுப்பேட்டையில ஏதாவது சின்னக் காரோட டப்பா கிடைக்கும். ஒரு லிட்டர் கொள்ளளவு போதும். தண்ணி பாட்டில், ஜூஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம். சூட்டுல நெளிஞ்சிடும். அதைவிட மோசம், பார்க்க சர்பத் மாதிரி இருக்கும், யாராவது குழந்தை எடுத்துக் குடிச்சிடும்.

ரேடியேட்டருக்குப் பக்கத்துல, சைலன்சர் சூடு படாத இடத்துல மாட்டுங்க. புதுசா ஓட்டை போட வேண்டாம். ஏற்கனவே இருக்கிற போல்ட்டுல ஒரு பட்டையைப் பிடிச்சு அதுல உட்கார வைக்கலாம். நாளைக்குக் கழட்டினா சுவடே தெரியக் கூடாது. "ஒரிஜினல் போயிடும்"னு கவலைப்படுறவங்களுக்கும் இதுதான் பதில்.

ஹோஸ் கொஞ்சம் தடிமனா இருக்கட்டும். மெல்லிசா இருந்தா உறிஞ்சும்போது ஒட்டிக்கும். ஒரு முனை ரேடியேட்டர் கழுத்துக் குழாயில கிளாம்ப் போட்டு இறுக்கணும். இன்னொரு முனை டப்பாவோட அடி வரைக்கும் போய், எப்பவும் கூலன்டுக்குள்ள முங்கியிருக்கணும். டப்பா மூடியில காத்துப் போக ஒரு சின்னத் துளை இருக்கணும். காத்துப் புகாம மூடிட்டா வேலை செய்யாது.

இதெல்லாம் இன்ஜின் முழுசா ஆறின பிறகுதான். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தா கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும். டப்பா வச்சா இதுலயும் ஒரு லாபம். தண்ணி இருக்கான்னு பார்க்க மூடியைத் திறக்கவே தேவையில்ல, வெளியிலேருந்தே தெரியும்.

ரேடியேட்டரைக் கழுத்து வரைக்கும் நிரப்புங்க, டப்பாவை மூணுல ஒரு பங்கு. போர் தண்ணி வேண்டாம், உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டரும், பித்தளை ரேடியேட்டருக்கு ஏத்ததுன்னு லேபிள்ல போட்டிருக்கிற கூலன்டும் போதும்.

ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க. சூட்டுல டப்பாவுல அளவு ஏறணும், காலைல பழைய இடத்துக்கு இறங்கணும். ஏறினது இறங்கலன்னா, மேல் ரப்பர்லயோ ஹோஸ்லயோ காத்து புகுதுன்னு அர்த்தம். இன்ஜின் ஓடும்போது டப்பாவுல குமிழி நிக்காம வந்துக்கிட்டே இருந்தா, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. இந்த டப்பா ஓவர்ஹீட்டுக்கு மருந்து இல்ல. டிராஃபிக்ல நின்னா முள் மேலே ஏறுதுன்னா, அடைச்ச ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட் இதையெல்லாம் முதல்ல பாருங்க. டப்பா செய்யிறது ஒரே வேலைதான்: வண்டியோட தண்ணியை வண்டிக்குள்ளயே வச்சுக்கும். தெருவுல படுத்திருக்கிற நாய்க்கும் அது போதும்.

மாட்டிப் பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.