கடல் புறாவும் அதைப் படித்தவர்களும்



சரித்திர நாவலாசிரியர் சாண்டில்யனைப் பற்றிய கருத்தரங்கு அந்தமான் நிக்கோபார் தீவுகளின் போர்ட் பிளேரில் நடக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரம் இது. தலைமையேற்க அழைத்தபோது நான் உடனே ஒப்புக்கொண்டேன். நம் பாட்டிகளும் அப்பாக்களும் வாரம் தவறாமல் காத்திருந்து படித்த ஓர் எழுத்தாளரை நம் தமிழ்த் துறைகள் இன்னும் முறையாகக் கற்கவில்லை. அவருடைய முதல் தலைமுறை வாசகர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர் எழுதிய வார இதழ்களின் தாள் தொட்டால் பொடிகிறது. இன்னும் இருபது ஆண்டுகள் தாமதித்தால் ஆராய்வதற்குப் புத்தகங்கள் மட்டும்தான் மிஞ்சும். அவை எழுதப்பட்ட விதமும் படிக்கப்பட்ட விதமும் காணாமல் போயிருக்கும். இந்தக் கவலையோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

சாண்டில்யனின் இயற்பெயர் பாஷ்யம். 1910 நவம்பர் 10-இல் திருக்கோவிலூரில் பிறந்தார். பூர்வீகம் மயிலாடுதுறைக்குப் பக்கத்திலுள்ள திருஇந்தளூர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த காலத்தில் ராஜாஜியின் பேச்சால் ஈர்க்கப்பட்டு விடுதலை இயக்கத்தின் பக்கம் வந்தார். பிறகு சென்னை தியாகராய நகரில் குடியேறினார். அங்கே வெ. சாமிநாத சர்மாவும் கல்கியும் பழக்கமானார்கள். எழுதத் தூண்டியவர்கள் அவர்கள்தான். ஆனந்த விகடனில் சிறுகதைகள் வந்தன. 1935 முதல் 1942 வரை சுதேசமித்திரனில் நிருபர். பின்னர் 'ஹிந்துஸ்தான்' வார இதழ். அதற்குப் பிறகு சினிமா: பி. என். ரெட்டியின் 'சுவர்க்க சீமா' (1945), நாகையாவின் 'என் வீடு' (1953) ஆகிய படங்களின் எழுத்துப் பணியில் அவருக்குப் பங்குண்டு. மறுபடி சுதேசமித்திரன். அங்கேதான் சரித்திரக் கதைக்கு வந்து சேர்ந்தார். 'ஜீவபூமி', 'மலைவாசல்' போன்றவை தொடக்கம். குமுதம் அவரை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1987 செப்டம்பர் 11-இல் மறைந்தார்.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாவலாசிரியராகப் புகழ்பெறும் முன்பே அவர் நிருபராகவும் திரைக்கதைக்காரராகவும் இருந்தவர். நாளிதழின் அவசரம் அவர் கையில் படிந்திருந்தது. காட்சியை எங்கே தொடங்குவது, எங்கே வெட்டுவது என்பதைச் சினிமா கற்றுக்கொடுத்திருந்தது. குமுதத்தில் தொடராக வந்த 'கடல் புறா' நாவலின் அத்தியாயங்களைப் பாருங்கள். இருவர் பேசுவார்கள், ஒருவர் ஒரு செய்தியை மறைப்பார், கதவு திறக்கும், யார் வந்தது என்று தெரியுமுன் அத்தியாயம் முடிந்துவிடும். இதை மலிவான உத்தி என்று ஒதுக்குவது வழக்கம். நான் அப்படி நினைக்கவில்லை. அடுத்த வாரம் வரை ஒருவரின் மனதில் கதையை உயிரோடு வைத்திருப்பது கடினமான தொழில். அந்தத் தொழிலின் நுட்பங்களைத் தமிழில் அவரளவுக்குத் தேர்ச்சியோடு கையாண்டவர்கள் மிகச் சிலரே. குமுதம் அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து எழுதவைத்தது. நாவல் எழுதுவதற்காகப் பத்திரிகையில் மாதச் சம்பளம் பெற்ற தமிழ் எழுத்தாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓவியர் லதாவின் சித்திரங்கள் இல்லாமல் அந்தப் பாத்திரங்களை நினைத்துப் பார்க்கவே முடியாத வாசகர்கள் இன்றும் உண்டு. அப்படியானால் 'கடல் புறா'வின் ஆசிரியர் ஒருவர் மட்டுமா, பத்திரிகை ஆசிரியரும் ஓவியரும் கடிதம் எழுதிய வாசகரும் சேர்ந்த ஒரு கூட்டமா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளும் கட்டுரைகளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

சரி, இந்தத் தீவுகளுக்கும் அவருக்கும் என்ன உறவு?

சோழ மன்னன் முதலாம் ராஜேந்திரனின் கடற்படை 1025-ஐ ஒட்டிக் கடாரத்தின் மீது சென்றதும், அவன் மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்தும் ஊர்களில் மாநக்கவாரம், அதாவது நிக்கோபார், இருப்பதும் நீங்கள் அறிந்தவை. ஆனால் கடாரத்தையும் உள்ளடக்கிய ஸ்ரீ விஜயம் என்ற பேரரசு ஒன்று சுமத்ராவில் இருந்தது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் சேதேஸ் நிறுவிக் காட்டியது 1918-இல்தான். நீலகண்ட சாஸ்திரியார் அந்த அரசைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் வெளிவந்தது 1949-இல். அறிஞர் வட்டத்துக்குள்ளேயே புதிதாயிருந்த ஒரு செய்தி, ஓரிரு தலைமுறைக்குள் தமிழ்நாட்டின் சமையலறை வரை வந்துவிட்டது. கொண்டுவந்தது பாடநூல் அல்ல, வார இதழ். கலிங்கத்துப்பரணி வழியாக நமக்குத் தெரிந்த கருணாகரத் தொண்டைமான் ஒரு போரின் தளபதி, அவ்வளவுதான். சாண்டில்யன் அவனுக்கு இளமையைக் கொடுத்தார். இளைய பல்லவன் என்ற பெயரில் கலிங்கத்தின் பாலூர்த் துறையில் கொண்டுவந்து நிறுத்தினார். கடற்கொள்ளைத் தலைவன் அகூதாவிடம் கடல் வித்தை கற்கவைத்தார். சுமத்ராவின் அட்சய முனையில் புறா வடிவத்தில் ஒரு மரக்கலம் கட்டவைத்தார். வரலாறு பேசாமல் விட்ட இடத்தில் நாவல் குடியேறியது. கானோஜி ஆங்கரேயின் கடற்படையை வைத்து எழுதிய 'ஜல தீப'த்திலும் கடல்தான் நாயகன் என்பேன். நிலத்தையும் ஆற்றையும் சுற்றியே வளர்ந்த தமிழ்ச் சரித்திர நாவலை உப்புக்காற்றுக்கு இழுத்து வந்தவர் அவர்.

இப்படிப்பட்ட ஓர் எழுத்தாளரை எப்படி ஆராய்வது என்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஜெர்மனியில் கார்ல் மே என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். 1842-இல் ஏழை நெசவாளர் வீட்டில் பிறந்தவர். இளமையில் சிறை சென்றார். வெளியே வந்து வாராந்தரத் தொடர்கள் எழுதினார். செவ்விந்தியத் தலைவன் வின்னெட்டுவைப் படைத்து ஒரு தேசத்தின் சிறுவர்களையெல்லாம் மயக்கினார். அமெரிக்க மேற்குப் பகுதியைப் பற்றி அவ்வளவு எழுதியவர் அந்த நாட்டில் முதன்முதலாகக் கால் வைத்தது 1908-இல், அறுபத்தாறு வயதில். அப்போதும் அந்த மேற்குக்குப் போகவில்லை. அவரையும் விமர்சகர்கள் நெடுங்காலம் ஒதுக்கினார்கள். ஆனால் அவர் வாழ்ந்த ராடெபாய்ல் நகரில் 1928-இலேயே அருங்காட்சியகம் வந்தது. 1969-இல் அவருக்கென ஓர் ஆய்வுக் கழகம் தொடங்கி ஆண்டுமலர் வெளியிடுகிறது. கதைகள் முதலில் வந்த இதழ்ப் பக்கங்களையே மறுபதிப்பாக்கினார்கள். பாடபேதங்களோடு ஆய்வுப் பதிப்பும் வருகிறது. பேரிலக்கியம் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. ஒரு மக்கள்கூட்டம் எதைக் கனவு கண்டது என்று தெரிய வேண்டுமானால் அவரைப் படித்துத்தான் ஆக வேண்டும் என்று புரிந்துகொண்டார்கள்.

நம்மிடம் அந்த வேலை தொடங்காமல் இல்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' தமிழ் நாவலின் தொடக்கக்கால வாசகர்களைப் பற்றிய ஆய்வுக்கு வழியைத் திறந்துவைத்தது. அந்த வழியில் குமுதம் காலம் வரை நடந்துவந்தவர்கள் குறைவு.

ஆராய்ச்சி என்றால் புகழ்ச்சி அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாண்டில்யனின் பெண்கள் அரசியல் தெரிந்தவர்கள், வாளெடுக்கத் தெரிந்தவர்கள். ஆனாலும் அவர்கள் வாய் திறக்குமுன் அவர்கள் உடலைப் பக்கம் பக்கமாக வருணித்துவிடுகிறார். அந்தப் பக்கங்களை இன்று வகுப்பறையில் வாசிக்கும் ஆசிரியைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இதை மழுப்பாமல் பேச வேண்டும். இன்னொன்று எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. 'கடல் புறா'வில் மாநக்கவாரம் வருகிறது; ஆனால் கடலோடிகளின் மோதலுக்கு உரிய களமாகத்தான் வருகிறது. அங்கே தென்னையும் தாழையும் பன்றியும் வளர்த்து, தமக்கென மொழியும் வழக்கும் கொண்டு வாழ்ந்துவந்த நிக்கோபாரிய மக்கள் கதையின் நடுவுக்கு வருவதில்லை. மெய்க்கீர்த்தியும் தீவை வென்ற இடமாகச் சொன்னது, மக்களைச் சொல்லவில்லை. சென்னையில் நடக்கும் கருத்தரங்கில் இது கண்ணில் படாமல் போகலாம். நிக்கோபாரிய மாணவர்களும் படிக்கும் இந்தத் தீவுகளில் அப்படிக் கடந்துபோக நமக்கு உரிமையில்லை. அந்த மாணவர்களில் ஒருவர் 'கடல் புறா'வைத் தம் பக்கத்திலிருந்து வாசித்து எழுதினால், அதுவே இந்தக் கருத்தரங்கின் மிகப் பெரிய பயன் என்று கருதுவேன்.

இனி, இங்கே வாழும் தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். பிழைப்புத் தேடி வந்தவர்கள், பர்மாவிலிருந்து வந்தவர்கள், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்தவர்கள், 1969-இலிருந்து கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் நிலம் பெற்ற முன்னாள் படைவீரர்களில் தமிழர்கள் என்று உங்கள் வரலாறு பல படகுகளில் வந்தது. தொலைக்காட்சி வராத அந்த ஆண்டுகளில் இந்தக் குடும்பங்கள் எதைப் படித்தன? குமுதம் எத்தனை வாரம் தாமதித்துக் கப்பலில் வந்தது? ஓர் இதழ் எத்தனை வீடு சுற்றியது? தொடரின் நடுவே ஓர் இதழ் வராமல் போனால் கதையை எப்படி நிரப்பிக்கொண்டார்கள்? கச்சாலில் இருந்தவர் சுமத்ராவைப் பற்றிப் படித்தபோது, மயிலாப்பூர் வாசகருக்குத் தெரியாத எது அவருக்குத் தெரிந்தது? கிரேட் நிக்கோபாரின் தெற்கு முனையிலிருந்து சுமத்ரா சுமார் 200 கி.மீ. தூரம்தான், சென்னையோ போர்ட் பிளேரிலிருந்தே சுமார் 1,360 கி.மீ. தள்ளி, கப்பலில் மூன்று நாள் பயணத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையில் பல வீடுகளோடு புத்தகங்களும் கடிதங்களும் போய்விட்டன. மீதமிருப்பது நினைவுதான். அதை ஒலிப்பதிவு செய்யப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு கைப்பேசியும் பொறுமையுள்ள ஒரு மாணவரும் போதும்.

மீனவ நண்பர்களிடமும் போங்கள். 'கடல் புறா'வில் காற்று திரும்பும் பகுதிகளை, பாய் மாற்றும் பகுதிகளை, இருட்டில் கரையணையும் பகுதிகளை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எது நடக்கும், எது நடக்காது என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் இடையிலுள்ள பத்து டிகிரிக் கால்வாயில் படகு ஓட்டியவரின் ஒரு வாக்கியம், நூலகத்தில் உட்கார்ந்து நாம் எழுதும் பத்துப் பக்கத்தைத் திருத்திவிடும்.

மற்ற வேலை சென்னையில் இருக்கிறது. குமுதம் தொடர்ப் பக்கங்களை, படங்களோடும் அறிவிப்புகளோடும், மின்வடிவில் சேமிக்க வேண்டும். அவற்றை வானதி பதிப்பகம் வெளியிட்ட நூல்களோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். தொடரிலிருந்து புத்தகமானபோது எது நீங்கியது, எது சேர்ந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். அவர் தன் முன்னுரைகளில் குறிப்பிடும் வரலாற்று நூல்களைத் தேடி எடுத்து, எதை அப்படியே ஏற்றார், எங்கே துணிந்து மாற்றினார் என்று பார்க்க வேண்டும். 'போராட்டங்கள்' என்ற அவருடைய தன்வரலாற்றைச் சுதேசமித்திரன் கால இதழ்களோடு வைத்துப் படிக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் இளைஞர்கள் இதில் எதை வேண்டுமானாலும் இன்றே எடுத்துக்கொள்ளலாம். வழிகாட்ட நான் அணியமாயிருக்கிறேன்.

முதல் அமர்வில் கட்டுரை படிப்பவர்களுக்கு முன்பாகத் தீவு வாசகர்கள் மூவரைப் பேச அழைக்குமாறு அமைப்பாளர்களைக் கேட்டிருக்கிறேன், அவர்களும் இசைந்திருக்கிறார்கள். அந்த வாசகர்கள் மூவரும் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.