இனிப்பைக் கொடுத்தது யார்?

சங்கத்தின் குடும்ப தினத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

 

இனிப்பு வழங்கும் நாளில் இனிப்பு நீரைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு முன் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

தோட்ட மருந்தகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், எட்டு வயதுப் பையன் ஒருவனைத் தகப்பனார் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்திருக்கிறான். படுக்கையை நனைக்கும் பழக்கத்தை எப்போதோ விட்டவன், மறுபடியும் நனைத்திருக்கிறான். "மலைக் குளிர்தானே" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். மெலிந்தபோது, "வளருகிற பிள்ளை" என்றார்கள். வாந்தியும் வயிற்று வலியும் வந்த பிறகுதான் பயம் வந்தது. என்னிடம் வந்தபோது ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இரத்தச் சர்க்கரையைச் சோதித்தேன். கருவியில் எண்ணே வரவில்லை, அளவு மீறிவிட்டது என்று மட்டும் காட்டியது. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டான்.

அன்று அவன் பாட்டி கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "பிள்ளைக்கு இவ்வளவு இனிப்பைக் கொடுத்தது யார்?" தாய் தலை குனிந்து நின்றார்.

யாரும் கொடுக்கவில்லை என்பதே உண்மை. அவனுக்கு வந்தது முதல் வகை நீரிழிவு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தவறுதலாக அழித்துவிடுகிறது. மரபணுவுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் இந்த வகை வந்த பிள்ளைகளில் பெரும்பாலோரின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அது இருந்ததில்லை. மிட்டாய் தின்றதால் வருவதுமில்லை. 1922-இல் கனடாவின் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. ஆகவே கஷாயத்தை நம்பி இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். துஆ கேளுங்கள், ஓதித் தண்ணீர் கொடுங்கள். ஊசியையும் போடுங்கள். நோன்பு வைப்பேன் என்று பிள்ளை அடம் பிடித்தால், மருத்துவரைக் கேட்காமல் விடாதீர்கள். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

இரண்டாம் வகையின் கதை வேறு. இதில் இன்சுலின் சுரக்கும், ஆனால் உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படாது. முன்பு பெரியவர்களுக்கு மட்டுமே வந்தது, இப்போது பதின்ம வயதினருக்கும் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு 100-க்கு சுமார் 40. இருவருக்கும் இருந்தால் சுமார் 70. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்கள் ஐந்து பேரில் ஒருவருக்கு நீரிழிவு. அதிலும் இந்தியர்களிடமே அதிகம்.

"என் பிள்ளை ஒல்லிதானே" என்றும் இருந்துவிட முடியாது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் இந்தியக் குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, தசைதான் குறைந்திருந்தது. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு.

1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். முதுகில் கூடையோடு நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்கிய உடம்பு அது. இனிப்பான தேநீர் குடித்தாலும் மாலைக்குள் கரைந்துவிடும். அந்த உடம்பைத்தான் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். ஆனால் ஏற்றத்தை எடுத்துவிட்டோம், இனிப்பை மட்டும் விட்டுவைத்தோம். பள்ளிக்குக் கார், வீட்டில் கைப்பேசி, பசியாற கெட்டிப்பால் தேநீரும் ரொட்டி சானாயும். 330 மில்லி சோடா டின் ஒன்றில் சுமார் ஏழு தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. மரபை மாற்ற முடியாது, இவற்றை மாற்றலாம்.

தாய்மார்களுக்கு ஒன்று. பிள்ளையின் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தால், அழுக்கென்று தேய்த்துப் புண்ணாக்காதீர்கள். இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாததன் அடையாளமாக அது இருக்கலாம். கிளினிக்கில் காட்டுங்கள். கர்ப்ப காலத்தில் இனிப்பு நீர் வந்த தாயின் பிள்ளைக்குக் கூடுதல் கவனம் தேவை.

வீட்டில் தாகத்துக்குத் தண்ணீர் மட்டும் கொடுங்கள். தினமும் ஒரு மணி நேரம் பிள்ளை ஓடியாடட்டும். நம் மலையில் ஏற்றத்துக்கா பஞ்சம்? அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் பத்தியம் வைக்காமல், வீடே சேர்ந்து சாப்பாட்டை மாற்றுங்கள்.

அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், மெலிவு, சோர்வு. இந்த நான்கையும் பிள்ளையிடம் கண்டால் குளிர் என்று சொல்லாதீர்கள், நாளை என்றும் சொல்லாதீர்கள். அன்றே விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பாருங்கள்.

அந்தப் பையன் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இன்னும் ஊசி போட்டுக்கொள்கிறான், வேலைக்கும் போகிறான். பாட்டியின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லாமல் நின்றேன். இன்று சொல்கிறேன். முதல் வகையை யாரும் கொடுக்கவில்லை, அந்தத் தாயைத் தலை நிமிர விடுங்கள். இரண்டாம் வகையில் நம் எல்லோர் கையும் இருக்கிறது. அந்தக் கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வோம்.