இரவில் மணக்கும் மடகாஸ்கர் கரை

இன்றைய பயணம் மடகாஸ்கரின் கிழக்குக் கடற்கரைக்கு. தோமாசினா துறைமுக நகரை விட்டுத் தெற்கே போகும் படகுகளுக்குப் பங்கலான் கால்வாய்தான் பாதை. 600 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நீர்வழி அது. இடப்பக்கம் மணல்திட்டு, அதற்கு அப்பால் இந்தியப் பெருங்கடலின் இரைச்சல். வலப்பக்கம் ஏரியும் காடும். கரை நெடுக விசிறிவாழை. நம் ஊர்ப் பூங்காக்களில் அழகுக்கு நட்டிருக்கிறார்களே, அந்த மரத்துக்குத் தாய்மண் இந்தத் தீவு.

கடலோரத் தாழ்நிலக் காட்டில், இலை அதிகம் இல்லாத, காற்று நன்றாகப் படும் கிளைகளில் ஆங்ரேகம் செஸ்குவிபெடாலே என்ற ஆர்க்கிட் தொற்றிக்கொண்டு வளர்கிறது. சாம்பல் நிறத் தடித்த வேர்கள் பட்டையோடு ஒட்டிப் படர்ந்திருக்கும். மரத்தின் சாற்றை அது தொடுவதில்லை. மழையும் ஈரக்காற்றும் போதும். ஆண்டு முழுக்க மழை பெய்யும் கரை இது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, அங்கே குளிர்காலம், பூக்கும் பருவம். மெழுகில் வார்த்தாற்போன்ற வெள்ளை நட்சத்திரப் பூ. பின்னால் ஏறத்தாழ ஓர் அடி நீளத்துக்குப் பச்சைத் தேன்குழல் தொங்கும். பகலில் மணம் தெரியாது. இருட்டிய பிறகுதான் அந்த அடர்ந்த வாசனை கிளம்பும்.

1862-இல் இந்தப் பூ டார்வினின் கைக்கு வந்தது. குழலை அளந்தார்: பதினொன்றரை அங்குலம். அதன் அடியில் ஒன்றரை அங்குலத்தில் மட்டுமே தேன். அப்படியானால் அந்த ஆழத்துக்கு எட்டும் உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தே தீர வேண்டும் என்று எழுதினார். பூச்சியியலாளர் சிலர் நகைத்தனர். இயற்கையியலாளர் வாலஸ் மட்டும் 1867-இல் அவர் பக்கம் நின்று, அங்கே போகிறவர்கள் தேடிப் பாருங்கள் என்றார். 1903-இல், டார்வின் மறைந்து 21 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தப் பூச்சிக்கு விஞ்ஞானிகள் பெயர் சூட்டினார்கள். அது இந்தப் பூவில் தேன் குடிப்பதைக் கண்ணால் கண்டது 1990-களில்தான். தேனுக்காகத் தலையை உள்ளே அழுத்தும்போது மகரந்தத் திரள் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவுக்கு அப்படியே போய்ச் சேர்கிறது.

காடு வேகமாகக் குறைகிறது. தாவி என்று அங்குள்ளவர்கள் சொல்லும் எரிப்பு வேளாண்மைக்கும் கரி சுடவும் மரங்கள் விழுகின்றன. கிளை விழுந்தால் செடியும் போயிற்று, வருத்தமான காட்சி.

போகிறவர்கள் ஓர் இரவாவது ஏரிக்கரையில் தங்குங்கள். மாலைப் படகில் திரும்பினால் மணம் கிடைக்காது. ஆசைப்பட்டுச் செடியைப் பிரித்தெடுக்கவும் வேண்டாம். காட்டு ஆர்க்கிட்களை எல்லை தாண்டிக் கொண்டுபோவதைச் சைட்டிஸ் உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. விதையிலிருந்து வளர்த்த செடிகளை ஆர்க்கிட் பண்ணைகள் விற்கின்றன.