உள்ளக வடிவமைப்பாளரின் நாளாந்தப் பணி
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களைத் தொழில் வழிகாட்டல் பற்றிப் பேச அழைத்தீர்கள். மருத்துவபீடத்துக்குப் போவது எப்படி என்று சொல்வோம் என நினைத்திருப்பீர்கள். எங்கள் ஊர்ப்பக்கத்தில் படிக்கிற பிள்ளை என்றால் டொக்டர், இல்லாவிட்டால் எஞ்சினியர், அதுவும் இல்லாவிட்டால் ரீச்சர். இந்த மூன்றிலும் மனம் பதியாத பிள்ளைகள் எங்கள் காலத்திலும் இருந்தார்கள். கொப்பியின் பின்பக்கத்தில் வீட்டுப் படம் கீறி ஏச்சு வாங்கியவர்கள் அவர்கள். அப்படியான பிள்ளைகளுக்காக இன்று உள்ளக வடிவமைப்பைப் பற்றிப் பேசுகிறோம்.

இந்தத் தொழிலை நாங்கள் அருகிருந்து பார்த்திருக்கிறோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கொழும்பில் இதைச் செய்கிறாள். வைத்தியசாலை விடுதி ஒன்றைத் திருத்தியமைத்தபோது வடிவமைப்பாளர் ஒருவரோடு பல வாரங்கள் வேலை செய்யவும் நேர்ந்தது. திரைச்சீலைக்கு நிறம் தெரிவு செய்யும் வேலை என்றுதான் அதுவரை நாங்களும் எண்ணியிருந்தோம்.

அவர்களுடைய நாள் வேலைத்தளத்தில், தூசிக்குள் தொடங்குகிறது. கையில் அளவுநாடா. வரைபடத்தில் சுவர் பத்தடி என்று இருக்கும். அளந்தால் ஒன்பதடி ஒன்பது அங்குலம். வரைபடத்தை நம்பி அலுமாரி செய்தால் அது உள்ளே போகாது. அடுத்து மேசனோடும் மின்னிணைப்புச் செய்பவரோடும் கதை. கட்டில் வரப்போகும் இடத்துக்குப் பின்னால் பிளக் வைத்திருப்பார்கள். பூசி முடிப்பதற்குள் மாற்ற வேண்டும். மத்தியானம் கடைகளில் பலகை, ரைல்ஸ், பூட்டு, பிணைச்சல் என்று விலை விசாரிப்பு. பின்னேரம் வீட்டுக்காரரோடு சந்திப்பு. கணவர் ஒன்று கேட்பார், மனைவி வேறொன்று கேட்பார், மாமியார் ஒன்றும் சொல்லாமல் இருப்பார். மாமியாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிபவர்தான் நல்ல வடிவமைப்பாளர் என்பாள் தோழி. இரவில் கணினியில் வரைபடமும் செலவு மதிப்பீடும். பத்துப் பொருள் தேவை, ஆறுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், எந்த நான்கை விடுவது என்று தீர்மானிப்பதே அந்தத் தொழிலின் பெரிய திறமை.

இதைக் கேட்கும்போது எங்களுக்கு எங்கள் வெளிநோயாளர் பிரிவு நினைவுக்கு வந்தது. நாங்களும் முதலில் கேட்கிறோம், பிறகு தொட்டுப் பார்க்கிறோம், பிறகுதான் எழுதுகிறோம். நோயாளி முதலில் சொல்வது எப்போதும் முழு வருத்தம் அல்ல. வீட்டுக்காரர் முதலில் கேட்பதும் எப்போதும் முழுத் தேவை அல்ல.

இந்தக் கேட்கும் பழக்கத்துக்கு எங்கள் நாட்டிலேயே ஒரு முன்னோடி இருந்தார். கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களில் கண்டி வட்டாப்புளுவையில் அரச ஊழியர்களுக்கான வீட்டுத்திட்டத்தை அமைத்தபோது, குடியேறப்போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டறிந்து வடிவமைத்தார். தும்பறைப் பாய் பின்னுவோரின் கைவேலையை நவீன வீடுகளுக்குள் கொண்டுவந்தவரும் அவரே. அவருக்கும் முன்னால், 1926இல், ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத் தொடர்மாடிகளுக்காக மார்கரெட் ஷூட்டே லிகோட்ஸ்கி என்ற ஒஸ்திரியப் பெண் ஒரு சிறு குசினியை வடிவமைத்தார். சமைப்பவர் எங்கே நிற்கிறார், எத்தனை எட்டு நடக்கிறார் என்று கணக்கெடுத்து, அந்த நடையைக் குறைக்கும் விதமாக ஒவ்வொரு தட்டையும் லாச்சியையும் வைத்தார். ஒரு பெண்ணின் முழங்கால் வலியை மருந்தில்லாமல் குறைக்கும் வேலை அது.

அறை நோயாளியைக் குணப்படுத்துமா? 1984இல் ரோஜர் உல்ரிச் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்டார். யன்னலால் மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் விடுதியில் கட்டிலை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று அதன் பிறகு நாங்கள் யோசித்துத்தான் போடுகிறோம்.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். மீள்குடியேற்றத்தின் பின் வன்னியில் ஆயிரமாயிரம் வீடுகள் எழும்பின. 2012இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது. தறப்பாள் கொட்டிலில் இருந்து கல்வீட்டுக்குப் போனது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த மழையில் நனைந்த எங்களுக்குத் தெரியும். ஆனால் சுவர் எழும்பியதோடு வீடு முடிந்துவிடவில்லை. உள்ளே வாழ்பவர்களில் காலை இழந்தவர் இருக்கிறார், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் இருக்கிறார், நீரிழிவால் பார்வை மங்கிய அம்மா இருக்கிறார்.

சக்கரக் கதிரை நுழைய வாசல் குறைந்தது 80 சென்ரிமீற்றர் திறந்திருக்க வேண்டும். அது முழுதாகத் திரும்ப ஒன்றரை மீற்றர் விட்டமுள்ள வெளி வேண்டும். ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளமான சரிவு வேண்டும். பார்வை மங்கியவருக்கு வெள்ளை ரைல்ஸில் வெள்ளைப் படி கண்ணுக்குத் தெரியாது. விளிம்பில் கறுப்புக் கோடு ஒன்று போதும். ஈரமான வழுவழுப்புத் தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மாக்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். கழிவறைச் சுவரில் ஒரு கைபிடிக் குழாய் இருந்திருந்தால் அவர்களில் பலர் எங்களிடம் வந்திருக்கமாட்டார்கள். விறகுப் புகை வெளியேற வழியில்லாத குசினியில் இருமும் பெண்ணுக்கு நாங்கள் மருந்து எழுதலாம். அவர் திரும்பிப் போவது அதே குசினிக்குத்தான்.

இதெல்லாம் ஆடம்பரம் அல்ல. கட்டும்போதே யோசித்தால் சில ஆயிரம் ரூபாவோடு முடியும். கட்டிய பின் உடைத்துச் செய்வதென்றால் அதன் பல மடங்கு போகும். அந்த யோசனையைச் சொல்ல ஊரில் ஓர் ஆள் இல்லை என்பதுதான் குறை.

தங்கைமாரே, இந்த வேலையில் எங்கள் அம்மாமார் பட்டம் பெறாத வல்லுநர்கள். முகாமில் ஒரேயொரு தறப்பாளுக்குள் சேலையைக் கட்டி மறைப்பெடுத்து, குமர்ப்பிள்ளைக்கு ஒரு மூலை, படிக்கிற பிள்ளைக்கு விளக்கடியில் ஒரு மூலை, சாமிப்படத்துக்கு ஒரு மூலை என்று பிரித்துத் தந்தவர்கள் அவர்கள். அந்த அறிவோடு அளவும் கணக்கும் சேர்ந்தால் அது தொழிலாகும்.

ஒளித்துச் சொல்ல மாட்டோம், கஷ்டங்களும் உண்டு. காசு நேரத்துக்கு வராது. வேலைத்தளத்தில் ஆண்கள் நடுவே ஒரு பெண் அளவு பிழை என்று சொன்னால் முதல் தடவை கேட்கமாட்டார்கள்; இரண்டாம் தடவை அளந்து காட்ட வேண்டும். கணிதம் வேண்டும், சித்திரம் வேண்டும், சிங்களமும் ஆங்கிலமும் பேசத் தெரிந்தால் பலன் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, மற்றவர் வீட்டில் போய் இருந்து, வாயை மூடிக்கொண்டு பார்க்கும் பொறுமை வேண்டும். பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறோம்: பிள்ளை படம் கீறினால் கொப்பியைப் பறிக்காதீர்கள். அளந்து கீறுகிறாளா என்று பாருங்கள்.

சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்கள். ஆண்டுக்கு ஒரு மாணவிக்காவது இந்தத் துறையில் படிக்க உதவுங்கள். மற்றது, நூற்றாண்டு நினைவாக மண்டபம் கட்டுவது பற்றிப் பேசுகிறீர்கள். இந்த மேடைக்கு ஏற நான்கு படிகள் இருக்கின்றன. எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த இருவர் இன்று கீழே சக்கரக் கதிரையில் இருக்கிறார்கள். பரிசளிப்பில் எத்தனையோ தடவை இதே மேடையில் ஏறியவர்கள் அவர்கள். பொதுக் கட்டடங்களில் எல்லோரும் உட்செல்ல வழி வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளே சொல்கின்றன. மண்டபத்துக்கு வரைபடம் கீறும் முன் அவர்கள் இருவரையும் கூப்பிட்டு, பக்கத்தில் இருத்தி, கேளுங்கள். எந்த வடிவமைப்பாளரும் அங்கிருந்துதான் தொடங்குவார்.

வற்றாப்பளை அம்மன் துணை நிற்பாள்.