தாதுப் பஞ்சமும் மைசூர் ரயிலும்

(கோபிநத்தம் கற்போர் வட்டத்தில் பேசியது)



இன்று ரயிலைப் பற்றிப் பேசப் போகிறோம். நம் ஊரில் ரயில் இல்லை. ஒரு பக்கம் சாமராஜநகரில் பாதை முடிகிறது. இன்னொரு பக்கம் மேட்டூர் அணையில் முடிகிறது. நடுவில் காடும் மலையும் நாமும் இருக்கிறோம். அப்படியானால் ரயில் கதை நமக்கு எதற்கு?

காரணம் இருக்கிறது. அந்த ரயில் பாதையைப் போட்டவர்கள் யார்? நம்மைப் போல மண்வெட்டி பிடித்தவர்கள். அதிலும், பசியோடு இருந்தவர்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ரயில் வந்த வழி

நம் நாட்டில் முதல் பயணிகள் ரயில் 1853-ல் ஓடியது. பம்பாயிலிருந்து தாணாவுக்கு. தூரம் 21 மைல், அதாவது 34 கிலோமீட்டர்.

தெற்கே 1856-ல் ரயில் வந்தது. சென்னை ராயபுரத்தில் புறப்பட்டு வாலாஜா வரை போனது. பிறகு பாதை நீண்டது. 1862-க்குள் சேலம், ஈரோடு, கோவைப் பக்கம் கடந்து மேற்குக் கடற்கரையைத் தொட்டது. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு கிளை பெங்களூருக்குப் போனது.

இவற்றைப் போட்டது சென்னை ரயில்வே கம்பெனி. பணம் போட்டவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்கள். அரசாங்கம் அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் 100 ரூபாய்க்கு வருஷம் 5 ரூபாய் வட்டி நிச்சயம். குறைந்தால் யார் கொடுப்பது? அரசாங்கம் கொடுக்கும். அரசாங்கத்துக்கு ஏது பணம்? குடியானவன் கட்டிய வரிதான்.

அப்போது நம் ஊர் மைசூரில் இல்லை. கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. அது சென்னை மாகாணம். 1956-ல்தான் நம் தாலுகா மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. அதனால் சென்னைக் கதையும் நம் கதை. மைசூர்க் கதையும் நம் கதை.

தாதுப் பஞ்சம்

1876-ல் மழை பொய்த்தது. அது தாது வருஷம். அதனால் தாதுப் பஞ்சம் என்று பெயர். நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இந்தப் பெயர் வந்திருக்கும். 1878 வரை அது ஆட்டி வைத்தது. கிணறு வற்றியது. ராகியும் சோளமும் கருகின. மாடுகள் தீவனம் இல்லாமல் செத்தன.

மைசூர் ராஜ்யத்தின் மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். 1871-ல் 50 லட்சத்து 55 ஆயிரம் பேர். 1881-ல் 41 லட்சத்து 86 ஆயிரம் பேர். கழித்துப் பாருங்கள். 8 லட்சத்து 69 ஆயிரம் பேர் குறைவு. ஆறு பேரில் ஒருவர் குறைந்துவிட்டார். பத்து வருஷத்தில் ஜனம் பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை, கரைந்தது.

பெங்களூருக்குத்தான் 1864-லேயே ரயில் வந்துவிட்டதே, ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. தானியம் ரயிலில் பெங்களூர் வரை வந்தது. அதற்கப்பால் மாட்டு வண்டிதான். மாடுகளோ செத்துக்கொண்டிருந்தன. இழுக்க மாடு இல்லாமல் வண்டி எப்படிப் போகும்?

இன்னொன்றும் உண்டு. ரயில் தானியத்தைப் பணம் இருக்கும் இடத்துக்குத்தான் கொண்டு போகும். எங்கே விலை அதிகமோ அங்கே வியாபாரி மூட்டையை அனுப்புவான். வேலை இல்லாதவன் கையில் காசு இல்லை. சந்தையில் மூட்டை இருந்தும் அவன் வயிறு காய்ந்தது. அந்தப் பஞ்ச வருஷங்களிலும் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது.

பசித்தவர் போட்ட பாதை

பஞ்சத்தில் அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. ஏரி தூர் எடுப்பது, ரோடு போடுவது, ரயில் பாதைக்கு மண் அடிப்பது. பெங்களூர் - மைசூர் ரயில் வேலை இப்படித்தான் தொடங்கியது. பஞ்சம் பிழைக்க வந்த ஆணும் பெண்ணும் கூடை கூடையாக மண் சுமந்தார்கள். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிக் கரை கட்டினார்கள். அந்தக் கரையின் மேல்தான் தண்டவாளம் படுத்தது.

நிவாரண வேலைக்குக் கூலி என்ன? சென்னை மாகாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1877-ல் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியை மேலிடம் அனுப்பியது. செலவைக் குறைக்க வேண்டும் என்பது உத்தரவு. அவர் கூலியைக் குறைத்தார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும்.

டாக்டர் கார்னிஷ் என்பவர் அந்த மாகாணத்தின் சுகாதார அதிகாரி. இந்தக் கூலி உயிரைக் காக்காது என்று அவர் எதிர்த்தார். முகாம்களில் சாவு எத்தனை என்று கணக்கு எடுத்து எழுதினார். அந்தக் கணக்கைக் காட்டி வாதாடினார். கடைசியில் அதே 1877-ல் கூலியைக் கூட்டினார்கள்.

இதைக் கவனியுங்கள். பசித்தவர்கள் அழுதார்கள், அது மேலே எட்டவில்லை. ஒருவர் கணக்கு எழுதிக் காட்டினார், அதற்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

பாதை திறந்தது

மைசூர் அப்போது ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்தது. 1881-ல் ஆட்சி சாமராஜேந்திர உடையாருக்குத் திரும்பியது. பஞ்சத்தால் ராஜ்யத்தின் தலையில் 80 லட்சம் ரூபாய் கடன். ரங்காசார்லு திவானாக இருந்தார். ரயில் வேலையை நிறுத்தவில்லை. பாதையைத் துண்டு துண்டாகத் திறந்தார்கள். 1882-ல் ரயில் மைசூர் வந்து சேர்ந்தது.

பெங்களூர், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர். மொத்தம் 86 மைல், சுமார் 138 கிலோமீட்டர். மாட்டு வண்டி நாளைக்கு 20 மைல் போனால் நான்கு நாளுக்கு மேல் ஆகும். ரயில் ஒரே நாளில் கொண்டுவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அது காவேரியைத் தாண்டுகிறது. அதே காவேரிதான் நம் பக்கம் வந்து ஒகேனக்கல்லில் விழுகிறது.

அப்போது இது மீட்டர் பாதை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. சென்னையிலிருந்து வந்தது அகலப் பாதை. இடைவெளி ஐந்தரை அடி. ஒரு பாதையின் வண்டி இன்னொன்றில் ஓடாது. அதனால் பெங்களூரில் மூட்டைகளை இறக்கி மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. செலவு குறையட்டும் என்றுதான் சின்னப் பாதை போட்டார்கள்.

1891-ல் ரயில் நஞ்சன்கூடு போனது. 1926-ல் சாமராஜநகர் போனது. அதோடு நின்றது. அங்கிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் இணைக்கப் பலமுறை பேசினார்கள். காடும் யானை வழியும் குறுக்கே இருக்கின்றன என்று அது நடக்கவில்லை.

ரயில் வராவிட்டாலும் அதன் கை காட்டுக்குள் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போட லட்சக்கணக்கில் கட்டை தேவைப்பட்டது. எஞ்சினுக்கு விறகும் எரித்தார்கள். மரத்தை அரசாங்கம் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்பியது. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் அனுமதி கேட்கும் காலம் தொடங்கியது.

ரயிலால் பஞ்சம் தீர்ந்ததா?

1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்தது. இன்னும் நிறைய ரயில் பாதை வேண்டும் என்றது. போட்டார்கள். 1900-ல் நாட்டில் சுமார் 25 ஆயிரம் மைல் பாதை இருந்தது. ஆனால் 1896-லும் 1899-லும் பெரும் பஞ்சம் வந்தது. பல லட்சம் பேர் மாண்டார்கள்.

ரயில் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ரயில் இருந்தால் தானியம் சீக்கிரம் வரும். கூலிக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆனால் ரயில் மூட்டையை ஸ்டேஷன் வரைதான் கொண்டுவரும். ஸ்டேஷனிலிருந்து சட்டிக்கு வர, கையில் கூலி வேண்டும். நியாயமான கூலி வேண்டும்.

ராஜா பேர், திவான் பேர், அதிகாரி பேர் எல்லாம் சரித்திரத்தில் இருக்கிறது. மண் சுமந்த பெண்ணின் பேரைப் புத்தகங்கள் சொல்வதில்லை. எத்தனை கூடை சுமந்தாள், எவ்வளவு வாங்கினாள் என்று எழுதிவைக்க அவளுக்கு எழுத்துத் தெரியாது.

நமக்கு இப்போது தெரியும். வேலைக்குப் போகும்போது பதிவேட்டில் உங்கள் பேர் இருக்கிறதா என்று படியுங்கள். எத்தனை நாள் என்று பாருங்கள். கூலித் தொகையைக் கூட்டிப் பாருங்கள். ரேஷன் கார்டில் எத்தனை கிலோ எழுதியிருக்கிறது, தராசில் எத்தனை கிலோ நிற்கிறது என்று ஒத்துப் பாருங்கள். தப்பு இருந்தால் எழுதிக் கேளுங்கள்.

ஒரு வேலையும் தருகிறேன். வீட்டில் வயதானவர்களிடம் தாதுப் பஞ்சம் பற்றிக் கேளுங்கள். அவர்கள் பாட்டி, பூட்டி சொன்னது ஏதாவது இருக்கும். என்ன தின்றார்கள், எங்கே போனார்கள், யார் திரும்பி வந்தார்கள்? நான்கு வரி எழுதி, பேரும் போட்டு அடுத்த வாரம் கொண்டு வாருங்கள். எல்லாரும் படிப்போம்.